குழிக்கு நான் எழுதிய பலகை

எங்கள் வீட்டில் எழுதப் படிக்கத் தெரிந்த முதல் ஆள் நான். அப்பாவுக்குக் கையெழுத்து மட்டும் போடத் தெரியும். அம்மாவுக்கு அதுவும் தெரியாது; கட்டைவிரல்தான். பள்ளிக்கூடத்தில் கரும்பலகையில் தேதியும் அன்றைய செய்தியும் எழுதும் பொறுப்பு ஆறாம் வகுப்பிலிருந்தே என்னுடையது. கல்லூரி முடித்து வந்த பிறகு கோயில் திருவிழா அறிவிப்பு, கல்யாண வீட்டு வாசல் பலகை, தண்ணீர் வராத நாட்களில் குழாயடியில் ஒட்டும் தாள் எல்லாம் என் கையெழுத்தில்தான். 'ழ' எழுதும்போது அதன் வாலை ஒரு சுற்றுச் சுற்றி மேலே தூக்கிவிடுவேன். ஊரில் வேறு யாருக்கும் அது வராது. அதில் எனக்குக் கர்வம் உண்டு. இல்லையென்று சொன்னால் பொய்.

அந்தக் கையெழுத்தை ஒரு நாள் அரசாங்கக் கோப்பு ஒன்றில், என் அம்மாவுக்கு எதிரான சாட்சியாகப் பார்த்தேன்.

எங்கள் ஊர் ஓடைப்பட்டிக்குப் பக்கம். மாதா கோயிலைச் சுற்றி நான்கு தெரு, அதைத் தாண்டினால் திராட்சைப் பந்தல்கள். அப்பா மலைக்கு அந்தப் பக்கம், கேரளத்தில், ஏலக்காய் எஸ்டேட்டில் வேலை பார்க்கிறார். இரண்டு மூன்று மாதத்துக்கு ஒரு தடவை வருவார். அம்மா பந்தல் வேலைக்குப் போகிறவள். கொத்தில் நெருங்கிக் கிடக்கும் பிஞ்சுகளை உதிர்த்துவிடுவது, கொத்தை மருந்துத் தண்ணீரில் முக்கி எடுப்பது, பழம் வெட்டுவது என்று வருஷம் முழுக்க ஏதாவது இருக்கும்.

கோயிலில் ஐந்து மணி அடித்ததும் எட்டுப் பெண்கள் கிளம்புவார்கள். சேலைக்கு மேல் ஆண்களின் பழைய முழுக்கைச் சட்டை, தலையில் துண்டு, கையில் தூக்குவாளி. ஒருவர் பின் ஒருவராகப் போவார்கள். முன்னால் நடப்பது அம்மா. யாரும் நியமிக்கவில்லை, பல வருஷமாக அப்படித்தான். பாம்பு கிடந்தாலும் கண்ணாடித் துண்டு கிடந்தாலும் முதலில் பார்ப்பது அவள். அவள் கால் வைத்த இடத்தில் மற்றவர்கள் கால் வைப்பார்கள்.

ஊர் முடியும் இடத்தில், சாலைக்கு இடது பக்கம், ஒரு குருசடி இருக்கிறது. மேடை கட்டி நிறுத்திய கல் சிலுவை, அதற்கு முன்னால் மெழுகுவத்தி ஏற்ற ஒரு மாடம். அதைக் கடக்கும்போது பெண்கள் நிற்க மாட்டார்கள், நின்றால் நேரமாகிவிடும். நடந்தபடியே தலையை இடது பக்கம் திருப்பி, நெற்றியிலும் நெஞ்சிலும் தோள்களிலும் கை வைத்து, விரலை முத்தமிட்டுக்கொண்டு போவார்கள். நாலைந்து எட்டு வைக்கும் தூரம். அந்த நாலைந்து எட்டுக்கும் கண் சாலையில் இருக்காது.

அந்த நாலைந்து எட்டுக்குள்தான் குழி வெட்டியிருந்தார்கள்.

சாலையை அகலப்படுத்தும் வேலை அப்போது நடந்துகொண்டிருந்தது. குழாய்ப் பாலம் போடுவதற்காக முந்தின நாள் சாயங்காலம் ஜேசிபி வந்து, சாலையின் பாதியை ஆள் உயரத்துக்குத் தோண்டிவிட்டுப் போய்விட்டது. ஒரு கயிறு கட்டவில்லை. ஒரு கல்கூட எடுத்து வைக்கவில்லை. இருட்டிய பிறகு அந்தப் பக்கம் யாருக்கும் ஜோலி இல்லாததால் ஊரில் எவருக்கும் தெரியாது. விடிவதற்கு முன்னால் அம்மா சிலுவையைப் பார்த்து நெஞ்சில் கை வைத்தபடி அதற்குள் விழுந்தாள். இடது தொடை எலும்பு முறிந்தது. பின்னால் வந்த ஏழு பேரும் அவள் அலறிய சத்தத்தில் விளிம்பில் நின்றுவிட்டார்கள்.

தேனியில் ஒரு காய்கறி மண்டியில் பில் போடும் வேலை எனக்கு. முதல் பஸ்ஸுக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தேன். ஓடிவந்து சொன்னது பக்கத்து வீட்டுச் சித்தி. உறவு கிடையாது, அம்மாவுக்குப் பின்னால் இரண்டாவதாக நடப்பவள், சின்ன வயதிலிருந்து சித்தி என்று கூப்பிடுகிறேன். ஆம்புலன்ஸில் அம்மாவோடு நாங்கள் இரண்டு பேரும் போனோம்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் ஸ்டிரெச்சரில் கிடந்தபோது அப்பா போனில் வந்தார்.

"ஒன்னும் பேடிக்காத ஆத்தா," என்றார். எஸ்டேட்டில் இருந்து இருந்து மலையாளம் ஒட்டிக்கொண்டது. பயந்திருந்தது அவர்தான். "ஒரு போட்டோ எடுத்து அனுப்பு. கண்ணால பாத்தாத்தான் மனசு அடங்கும்."

அனுப்பினேன். அரக்குச் சேலை, கடுகு மஞ்சள் கரை, முழங்காலுக்கு மேல் துண்டால் கட்டிய கால். அம்மா கேமராவைப் பார்க்கவில்லை. சிறிது நேரத்தில் நர்ஸ் வந்து சேலையைக் கத்தரியால் வெட்டி எடுத்து, ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டுச் சித்தியிடம் கொடுத்தார்.

மத்தியானம் அம்மாவை ஆபரேஷனுக்குக் கொண்டுபோக வேண்டும் என்றார்கள். மாற்றுத் துணியும் அடையாள அட்டைகளும் எடுத்துவர நானும் சித்தியும் ஊருக்கு வந்தோம். குருசடிக்குப் பக்கத்தில் பஸ்ஸை நிறுத்தச் சொல்லி இறங்கினாள் சித்தி. மற்ற பெண்கள் அங்கே கூடியிருந்தார்கள். ஒருத்தி கருவேல முள் வெட்டிப் போட்டுக்கொண்டிருந்தாள். இன்னொருத்தி பந்தலில் கழித்த மூங்கிலும் கம்பியும் கொண்டுவந்திருந்தாள்.

தோட்டங்களில் இது ஒரு வழக்கம். எங்கள் பக்கத்துக் கிணறுகளுக்குக் கைப்பிடிச் சுவர் பெரும்பாலும் இருக்காது. மழையில் விளிம்பு சரிந்தால், அதை முதலில் பார்க்கிறவர் அடைத்துவிட்டுத்தான் அடுத்த வேலைக்குப் போக வேண்டும். கிணறு யாருடையது, தோட்டம் யாருடையது என்று கேட்க மாட்டார்கள். முதலாளி வரட்டும் என்று காத்திருக்க மாட்டார்கள். பார்த்தும் அடைக்காமல் போனவர் என்று பெயர் வாங்கினால் அப்புறம் யாரும் கூட வேலைக்குச் சேர்த்துக்கொள்ள மாட்டார்கள்.

மூங்கில் ஊன்றி, கம்பி இழுத்து, முள்ளை அடைத்தார்கள். கொடி கட்டச் சிவப்புத் துணி வேண்டும் என்றாள் ஒருத்தி. சித்தி கையில் இருந்த பிளாஸ்டிக் பையைத் திறந்து அம்மாவின் சேலையிலிருந்து ஒரு முழம் கிழித்துக் கொடுத்தாள்.

"நீ ஒரு போர்டு எழுதிரு ஆத்தா," என்றாள் என்னைப் பார்த்து. "எழுத்துன்னு இருந்தாத்தான் வண்டிக்காரவுக நிப்பாக."

வீட்டில் திருவிழாவுக்கு வாங்கிய சிவப்புப் பெயிண்ட் மிச்சம் இருந்தது. உர விளம்பரத் தகரம் ஒன்றின் பின்பக்கத்தில் எழுதினேன். 'எச்சரிக்கை. இங்கே ஆழமான குழி. பார்த்து நடக்கவும்.' சுற்றிலும் கோடு போட்டேன். 'ஆழ'த்திலும் 'குழி'யிலும் வால் நன்றாக விழுந்திருந்தது. அம்மா அங்கே ஆபரேஷனுக்குக் காத்துக் கிடக்கும்போது, நான் நாலடி தள்ளி நின்று வரிகள் நேராக இருக்கின்றனவா என்று பார்த்தேன். அதை மறைக்க விரும்பவில்லை.

மறுநாள் சாலை வேலையை எடுத்திருந்த ஒப்பந்ததாரரின் மேனேஜர் பைக்கில் வந்தாராம். முள்ளைப் பிடுங்கிப் போடவில்லை, திட்டவில்லை. சாய்ந்திருந்த பலகையை நிமிர்த்தி வைத்து, நாலு பக்கமும் போட்டோ எடுத்துக்கொண்டு போனாராம்.

"நல்ல மனுசன்தான் போல," என்றாள் சித்தி. நானும் அப்படித்தான் நினைத்தேன்.

பத்து நாள் கழித்துச் சாலை வேலையைக் கவனிக்கும் அலுவலகத்திலிருந்து ஒரு பொறியாளர் ஆஸ்பத்திரிக்கு வந்தார். இளைஞர்; மரியாதையாகப் பேசினார். கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து எழுதிக்கொண்டார்.

"கையில டார்ச் ஏதும் இல்லையாம்மா?"

"தெரிஞ்ச வழிக்கு எதுக்கு சார் லைட்டு?"

"விழும்போது எங்க பாத்துட்டு வந்தீங்க?"

"சாமியப் பாத்தேன்."

"ரோட்டப் பாக்கலையா?"

"அந்த எடத்துல நாங்க யாரும் ரோட்டப் பாக்க மாட்டோம் சார்," என்றாள் அம்மா, அவருக்குத் தெரியாத ஒன்றைச் சொல்லிக்கொடுக்கும் குரலில்.

எழுதி முடித்து என்னிடம் காட்டினார். அம்மா சொன்னதை ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் எழுதியிருந்தார். வாசித்துப் பார்த்துத் தலையாட்டி, அம்மாவின் கட்டைவிரலைப் பிடித்து மையில் ஒற்றித் தாளில் வைத்தது நான்தான்.

அதன் பிறகு நான் ஒரு மனு எழுதினேன். என்னால் முடிந்த மட்டும் நன்றாக எழுதினேன். பாதுகாப்பு இல்லாமல் குழி வெட்டியதற்குப் பொறுப்பேற்க வேண்டும் என்று கேட்டிருந்தேன். பதில் வந்தது: வேலை ஒப்பந்ததாரர் வசம் ஒப்படைக்கப்பட்டிருப்பதால் அவருடைய அஜாக்கிரதைக்கு அலுவலகம் பொறுப்பாகாது, மேலும் விசாரணை அறிக்கையின்படி ஒப்பந்ததாரர் மீதும் தவறு இல்லை. அறிக்கையில் என்ன இருக்கிறது என்று சொல்லவில்லை. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் எழுதிப் போட்டு, அறிக்கையின் நகலை வாங்கினேன்.

தபால் மண்டிக்கு வந்தது. காலை ஏலம் முடிந்து, தக்காளிப் பெட்டிகளைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டிருந்த நேரம். நின்றபடியே பிரித்து வாசித்தேன். 'எச்சரிக்கைப் பலகையும் முள்வேலியும் முன்கூட்டியே வைக்கப்பட்டிருந்தும், மேற்படி பெண்மணி சாலையைக் கவனிக்காமல் வேறு பக்கம் பார்த்து நடந்த தனது கவனக்குறைவால் விழுந்துள்ளார்.' அடுத்த பக்கத்தில் வண்ணப் புகைப்படம். என் பலகை. வாலைத் தூக்கிய 'ழ' இரண்டு.

மண்டியில் அத்தனை பேர் இருந்தார்கள். யாரிடம் காட்டுவது என்று தெரியவில்லை. காட்டினாலும் எந்த இடத்திலிருந்து சொல்ல ஆரம்பிப்பது? தாளை மடித்துப் பில் புத்தகத்துக்கு அடியில் வைத்துவிட்டுச் சுரைக்காய்க்குப் பில் போட்டேன்.

அன்று சாயங்காலம் பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. சின்னமனூர் தாண்டி மார்க்கையன்கோட்டைப் பக்கம் நாற்று நட்டிருந்த வயல்களில் தண்ணீர் நின்றது. எங்கள் வீட்டில் இதை வாசிக்க முடிந்த ஒரே ஆள் நான் என்பது அதுவரை எனக்குப் பெருமையாக மட்டுமே இருந்தது. அன்று அது ஒரு பூட்டிய அறை மாதிரி இருந்தது. உள்ளே நான் மட்டும்.

அம்மா வீட்டுக்கு வந்திருந்தாள். காலுக்குள் பிளேட் வைத்திருந்தார்கள். கட்டிலில் இருந்தபடி பூண்டு உரித்துக்கொண்டிருந்தவளிடம் சொன்னேன்.

"நான் பாராம நடந்தேன்னு எழுதிட்டாகளா?" என்று கேட்டாள்.

"ஆமாம்மா."

"எனக்குப் பின்னால ஏழு பேரு வந்தாக," என்றாள். கையிலிருந்த பூண்டைக் கீழே வைத்தாள். "போர்டு இருந்துச்சு, முள்ளு இருந்துச்சு, அதத் தாண்டிப் போயி விழுந்தேன்னா, அப்ப நான் எப்படிப்பட்டவ? இவளுக எங் கால நம்பி வந்தவளுக. அந்த ஒரு வரிய எடுக்கச் சொல்லு ஆத்தா. காலப் பத்தி அப்பறம் பாக்கலாம்."

அதற்குப் பிறகு எனக்கு வேறு எதுவும் பெரிதாகப் படவில்லை. அந்த ஒரு வரி.

பலகை அம்மா விழுந்த பிறகு வைக்கப்பட்டது என்று எழுதி ஏழு பேரிடமும் கையெழுத்துக் கேட்டேன். ஒருத்தியும் போடவில்லை. அவர்கள் வேலை செய்யும் பந்தலின் முதலாளி ஒப்பந்ததாரருக்குச் சம்பந்தி.

"நெசத்தச் சொல்ல மாட்டோம்னு இல்ல ஆத்தா," என்றாள் சித்தி. "சொன்னா நாளைக்குப் பந்தலுக்குள்ள விடுவாகளா? ஒங்கம்மாவே வேணாம்னுதான் சொல்லுவா, கேட்டுப் பாரு." கையில் கிண்ணத்தில் கறிக்குழம்பு கொண்டுவந்திருந்தாள். அதை வைத்துவிட்டுப் போனாள். வாரத்தில் நாலு நாள் அவர்கள் யாராவது குழம்பு கொண்டுவருவார்கள். கையெழுத்து மட்டும் கொண்டுவர முடியாது. எனக்குக் கோபம் வந்தது. அந்தக் குழம்பைத்தான் சாப்பிட்டேன்.

மண்டி வேலை பதினொரு மணிக்கு ஓய்ந்துவிடும். அதன் பிறகு நான் அலுவலகங்களுக்கு நடப்பேன். அறிக்கை எழுதிய அந்த இளம் பொறியாளர் என்னை அடையாளம் கண்டுகொண்டார்.

"ரோடு கவர்மெண்டு ரோடுதாம்மா. ஆனா குழி காண்ட்ராக்டர் குழி," என்றார்.

"குழி ரோட்டுலதான சார் இருந்துச்சு?"

"இருந்துச்சு. வேலய முடிச்சு எங்க கையில ஒப்படைக்கிற வரைக்கும் அந்த எடம் அவர் பொறுப்பு. அக்ரிமெண்ட்ல தெளிவா இருக்கு."

"அப்ப அதுவரைக்கும் அந்த எடத்துல நடக்க நாங்க யாருகிட்டக் கேக்கணும் சார்?"

சிரித்தார். "நல்லாப் பேசுறம்மா. வக்கீலுக்குப் படிச்சிருக்கலாம்."

பலகை நான் எழுதியது, அம்மா விழுந்த பிறகு எழுதியது என்றேன். "அதுக்கு ஆதாரம்?" என்றார். "அவங்க போட்டோ குடுத்திருக்காங்க. நீ வாயால சொல்ற."

ஒப்பந்ததாரரின் அலுவலகத்துக்கும் போனேன். மேனேஜர் டீ வரவழைத்துக் கொடுத்தார். குழி வெட்டும் வேலையை ஜேசிபிக்காரருக்கு உள் ஒப்பந்தமாகக் கொடுத்துவிட்டதாகவும், கேட்க வேண்டுமானால் அவரைத்தான் கேட்க வேண்டும் என்றும் சொன்னார். ஜேசிபிக்காரர் போனில் கிடைத்தார். எங்கேயோ மலையில் மண் அள்ளிக்கொண்டிருந்தார். இஞ்சின் இரைச்சலுக்கு மேலே கத்தினார். "நான் என்னம்மா செய்யட்டும்? சுண்ணாம்புக் கோடு போட்டுக் குடுத்த எடத்துல வெட்டுனேன்."

"கோடு யாரு போட்டாக?"

"ஆபீஸ்ல இருந்து வந்துதான் போட்டாக."

போனை வைத்துவிட்டு ரோட்டோரம் நின்றுகொண்டிருந்தேன். கிளம்பிய இடத்துக்கே வந்திருந்தேன்.

நீதிமன்ற வளாகத்தில் இலவசச் சட்ட உதவிக்கு ஒரு பெண் வக்கீல் உட்கார்ந்திருப்பார். அவரிடம் எல்லாத் தாள்களையும் கொடுத்தேன். பொறுமையாக வாசித்தார்.

"வேலையை இன்னொருத்தர்கிட்ட முழுசா விட்டுட்டா, அவர் செய்யுற தப்புக்கு விட்டவர் பொறுப்பில்லங்கிறது பழைய சட்டம்," என்றார். "வீடு கட்டுறவங்களுக்கு அது சரி. ஜனங்க நடக்கிற ரோட்டுல குழி வெட்டுறது வேற. அந்தப் பொறுப்பைக் கைமாத்திவிட முடியாதுன்னு வாதாடலாம். ஜெயிக்கவும் செய்யலாம்."

"எத்தன நாளாகும் மேடம்?"

"நாளா? உனக்குக் கல்யாணமாகி, உம் பிள்ளை பள்ளிக்கூடம் போயிரும்." தாள்களை அடுக்கிக் கொடுத்தார். "கேசு எப்ப வேணும்னாலும் போடலாம், காலக்கெடு தாண்டாமப் பாத்துக்கலாம். இப்ப முதல்ல உனக்கு என்ன வேணும், அதச் சொல்லு."

"அந்த வரி போகணும்."

"அப்ப ஆதாரம் தேடு. வாய்ப்பேச்சு போதாது."

நான் அந்தப் புகைப்படத்தை எத்தனை தடவை பார்த்திருப்பேன் என்று கணக்கில்லை. பஸ்ஸில், மண்டியில், சோறு வேகும்போது. ஒவ்வொரு தடவையும் என் கண் எழுத்தில் போய் உட்கார்ந்தது. எழுத்தைத் தாண்டி நகரவே இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து வந்து அம்மாவின் காலுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தேன். "அந்தப் போட்டோவக் காட்டு, என்னன்னு நானும் பாக்குறேன்," என்றாள். கொடுத்தேன். தலைகீழாகப் பிடித்தாள், நேராகத் திருப்பிக் கொடுத்தேன். எழுத்து அவளுக்கு வெறும் சிவப்புக் கோடு. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, ஓரத்தில் விரலை வைத்தாள்.

"இது எஞ் சேலதான?"

மூங்கில் உச்சியில் கட்டியிருந்த கொடி. அரக்குத் துணி, கடுகு மஞ்சள் கரை.

"இந்தா பாரு, பந்தக் கம்பியில கிழிஞ்சு வெள்ள நூலு போட்டுத் தச்சேன். அரக்கு நூலு அன்னைக்கு இல்ல." கரையின் மேல் வெள்ளையாக ஒரு கீறல் தெரிந்தது. தூசி என்று நினைத்திருந்தேன்.

நான் எழுந்து கையைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்தேன். அப்பாவுக்கு அன்று அனுப்பிய படம் அப்படியே இருந்தது. அனுப்பிய நேரம், காலை ஆறே முக்கால். ஸ்டிரெச்சரில் அம்மா. இடுப்பிலிருந்து தொங்கும் முந்தானை முழுசாக இருந்தது. அதன் கரையில் அதே வெள்ளைத் தையல். காலையில் அம்மா உடம்பில் இருந்த துணி, அம்மா விழுவதற்கு முன்னால் எப்படிக் கொடியாகப் பறந்திருக்கும்? பிளாஸ்டிக் பை சித்தி வீட்டுப் பரணில் இருந்தது. கேட்டதும் எடுத்துக் கொடுத்தாள். "இதுல எங் கையெழுத்து ஒன்னும் இல்லயே?" என்று மட்டும் கேட்டாள்.

இந்த முறை இளம் பொறியாளரிடம் போகவில்லை. அவருக்கு மேலே இருந்த அதிகாரியைப் பார்க்க எழுதிக் கொடுத்து, மூன்று நாள் பெஞ்சில் உட்கார்ந்தேன். அந்த பெஞ்சில் என்னோடு பேச யாரும் இல்லை. அங்கே வருகிறவர்கள் எல்லாரும் துணைக்கு ஒருவரோடு வந்தவர்கள். ஒருவர் பேசுவார், ஒருவர் தாளைப் பிடித்திருப்பார். எனக்கு இரண்டும் நான்தான். மூன்றாம் நாள் கூப்பிட்டார்கள்.

அதிகாரி ஒரு பெண்மணி. மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் போன் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். பிறகு புகைப்படத்தை. பிறகு பையிலிருந்து நான் எடுத்து மேசையில் விரித்த சேலையை. வெட்டிய பக்கம் கத்தரி ஓடிய கோடு. கிழித்த பக்கம் நூல் நூலாக.

"இந்தப் போர்டை எழுதினது?"

"நான்தான் மேடம்."

ஒரு வெள்ளைத் தாளை என் பக்கம் தள்ளினார். "அதே வரியை எழுது."

எழுதினேன். எழுத்து மாறிவிடுமோ என்ற பயம் இருந்தது. மாறவில்லை. வால் தானாகவே மேலே போனது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, "அழகான எழுத்து," என்றார். எனக்கு அந்தச் சேலையை மேசையிலிருந்து எடுத்தால் போதும் என்றிருந்தது.

ஒன்றரை மாதம் கழித்துக் கடிதம் வந்தது. அம்மா அப்போது கம்பு ஊன்றி வீட்டுக்குள் நடந்துகொண்டிருந்தாள். வாசலில் வைத்தே வாசித்துக் காட்டினேன். பலகையும் வேலியும் சம்பவத்துக்குப் பிறகு பொதுமக்களால் வைக்கப்பட்டவை என்று தெரியவருகிறது. எனவே மேற்படி பெண்மணியின் கவனக்குறைவு என்ற வரி அறிக்கையிலிருந்து நீக்கப்படுகிறது.

"இன்னொரு தடவ வாசி."

வாசித்தேன். அம்மா கம்பைச் சுவரில் சாத்திவிட்டுச் சிலுவை போட்டுக்கொண்டாள். நான் கடிதத்தை மடித்தேன்.

"இரு ஆத்தா," என்றாள். "மூணு வரிதான வாசிச்ச. கீழ அம்புட்டு எழுத்துக் கெடக்கு."

படிக்காதவளுக்கு வரி எண்ணத் தெரியும் என்பதை நான் நினைக்கவில்லை. கீழே இருந்ததையும் வாசித்தேன். எனினும் சம்பவ இடம் ஒப்பந்ததாரரின் பொறுப்பில் இருந்தபடியால் அலுவலகத்தைப் பொறுப்பாக்க இயலாது. ஒப்பந்ததாரர், அகழ்வு வேலை உள் ஒப்பந்தத்தில் விடப்பட்டதாகத் தெரிவித்துள்ளார். மனு முடித்துவைக்கப்படுகிறது.

"அப்ப எந் தப்பு இல்ல."

"இல்லம்மா."

"அவுக தப்பும் இல்ல."

"அப்படித்தான் எழுதியிருக்காக."

"அப்ப குழி அதுவா வெட்டிக்கிருச்சாக்கும்," என்றாள். சிரிப்பு வந்துவிட்டது அவளுக்கு. எனக்கு வரவில்லை. அன்று சாயங்காலம் வந்த பெண்களிடம் முதல் மூன்று வரிகளை மட்டும் என்னை வாசிக்கச் சொன்னாள். அவர்கள் அவளைச் சுற்றி உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார்கள். மிச்ச வரிகளோடு நான் அடுப்படியில் இருந்தேன்.

வழக்குப் போடுவதற்கான தாள்களை வக்கீல் தயார் செய்துகொண்டிருக்கிறார். அது ஒரு பக்கம் இருக்கட்டும்.

போன வாரம் விடியற்காலையில் பஸ்ஸுக்கு நடந்துகொண்டிருந்தேன். குருசடியைத் தாண்டி ஐம்பது அடியில் சித்தியின் குரல் கேட்டது. இப்போது அவள்தான் முன்னால் நடக்கிறாள். பழைய குழி மூடிப் பாலமாகிவிட்டது. இது புதிது; அடுத்த பாலத்துக்கு. முந்தின நாள் சாயங்காலம் வெட்டியிருக்கிறார்கள். கயிறு இல்லை, பலகை இல்லை. முன்பு நான் எழுதியதைக்கூட வேலையாட்கள் எடுத்துக்கொண்டு போயிருந்தார்கள். பெண்கள் ஏற்கெனவே கருவேலங்கிளையை அரிவாளால் வெட்டி இழுத்துக்கொண்டிருந்தார்கள்.

"முள்ளு வைக்காதீக சித்தி," என்றேன். "வெறும் குழியா இருக்கும்போதே நான் போட்டோ எடுத்துக்கிறேன். வெளிச்சம் வரட்டும்."

"வெளிச்சம் வர்ற வரைக்கும் நின்னா பந்தல்ல ஆள் கணக்கு எடுத்துருவாக. வெட்டிப் போட்டுட்டுப் போறோம், நீ எடுத்துட்டு அடைச்சிரு ஆத்தா. கைக்குத் துண்டச் சுத்திக்க."

போனார்கள். ஏழு பேரும் ஒருவர் பின் ஒருவராகக் குழியின் ஓரத்தைச் சுற்றிக் கடந்தார்கள். அவர்கள் குழியைத் தாண்டிய பிறகுதான் கவனித்தேன். குருசடியைக் கடந்தபோது அவர்கள் அதைத் திரும்பிப் பார்த்திருக்க மாட்டார்கள். தலையைக் குனிந்து சாலையைப் பார்த்தபடி இப்போதுதான் நெற்றியில் கை வைத்துக்கொண்டு போனார்கள்.

வெளிச்சம் வரும்வரை குழிக்கு முன்னால் நின்றேன். இரண்டு பைக்குகளைக் கைகாட்டி விலகிப் போகச் சொன்னேன். மலை முகடு தெரிந்ததும் நான்கு பக்கமும் எடுத்தேன். பிறகு முள்ளை அடைத்துவிட்டுப் பெயிண்ட் எடுக்க வீட்டுக்கு ஓடினேன்.

"கட்டிலுக்கு அடியில இருக்கு," என்றாள் அம்மா, நான் கேட்பதற்கு முன்னால். "அடைச்சிட்டுத்தான வந்த?"

"அடைச்சிட்டேன்."

தகரத்தில் பழையபடியே எழுதினேன். 'எச்சரிக்கை. இங்கே ஆழமான குழி. பார்த்து நடக்கவும்.' அதற்குக் கீழே தேதியும் நேரமும் போட்டு இன்னும் ஒரு வரி சேர்த்தேன். 'திறந்து கிடந்த குழியைப் பார்த்த பிறகு இந்தப் பலகையை வைத்தவர்கள், இந்த வழியாகத் தோட்ட வேலைக்குப் போகும் பெண்கள்.'

கொண்டுபோய்க் கட்டிவிட்டு நாலடி தள்ளி நின்று பார்த்தேன். கடைசி வரி வலது பக்கம் கொஞ்சம் இறங்கியிருந்தது. காய்வதற்குள் துணியால் துடைத்துவிட்டு, நேராக எழுதினேன். முதல் பஸ் போய்விட்டிருந்தது.